ஆர்மோனியத்தின் காந்தாரம் தம்புராவோடு ஏன் சேர்வதில்லை?

நெல்லைப் பக்கத்து மார்கழி பஜனையில் தம்புராவோடு ஆர்மோனியம் வாசித்தால் அந்தர காந்தாரம் (ஸரிகமபதநியில் மேல் 'க') மட்டும் சுருதி ஏறித் தூக்கலாகக் கேட்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது.

தம்புராவில் மந்தர ஸட்ஜத்தை (கீழ் 'ஸ') மீட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், அந்த ஒரே தந்தியிலிருந்து ஒரு காந்தாரமும் மெல்ல எழும்; அதே ஸ்தாயியில் வைத்துப் பார்த்தால் அதன் அதிர்வெண் ஸட்ஜத்தைப்போல் 5/4 மடங்கு, அதாவது 386 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்பது சுருதி அளக்கும் கணக்கு). ஆர்மோனியத்தில் ஸ்தாயியை 12 சம பாகமாகப் பிரித்திருப்பதால் 400 சென்ட். ஆர்மோனியத்தின் பஞ்சமம் ('ப') 2 சென்ட்தான் குறைவு, அது உறுத்தாது. பித்தாகரஸ் முறைப்படி சுத்தமான பஞ்சமங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் போனால், நாலாவதில் கிடைக்கும் காந்தாரம் 408, இன்னும் மோசம்! அதனால்தான் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பஞ்சமங்களைச் சுமார் 5 சென்ட் குறைத்துக் காந்தாரத்தைச் சுத்தமாக்கினார்கள், அப்புறம் ஸ்தாயியின் 12 ஸ்வரங்களையும் சுற்றிவரும் பஞ்சமங்களில் மிச்சமான ஒரே ஒரு பஞ்சமம் காது கொடுத்துக் கேட்க முடியாதபடி ஆகிவிட்டது.

பாடுகிறவர் தம்புராவையே பிடித்துக்கொள்ளட்டும். ஆர்மோனியக்காரரைக் காந்தாரத்தில் நீட்டி நிற்காமல் தொட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.