மாமனார் நினைவுத் திருப்பலியில் சிஎஸ்ஐ மருமகள் வாசகம் வாசிக்கலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: “நான் சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில், புராட்டஸ்டண்டாக வளர்ந்தவள். கணவர் வீட்டார் கத்தோலிக்கர். மாமனாரின் முதலாண்டு நினைவுத் திருப்பலி (பூசை) ஒரு வாரநாளில் வருகிறது. முதல் வாசகத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். ‘சாலமோனின் ஞானம் 3:1-9’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் வேதாகமத்தில் அப்படி ஒரு புத்தகமே இல்லை. நான் வாசிக்கலாமா? எங்கள் சபையில் பாடம் வாசிப்பதற்கும் அங்கே வாசிப்பதற்கும் என்ன வித்தியாசம்?”

பயிற்சியைத் தொடங்கும் முன் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள். திருமணத்தின்போது நீங்கள் முறைப்படி கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டு, உறுதிப்பூசுதலும் பெற்றிருந்தால் தடை எதுவும் இல்லை. இன்றும் சிஎஸ்ஐ சபை அங்கத்தினராகவே இருந்து, அனுமதி பெற்றுத் திருமணம் செய்திருந்தால் நிலைமை வேறு. ரோம் 1993இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டியின் 133ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது: திருப்பலியில் வாசகம் வாசிக்க வேண்டியவர்கள் கத்தோலிக்கர்கள், அபூர்வமாக, தகுந்த காரணம் இருந்தால், மறைமாவட்ட ஆயர் பிற சபையாருக்கு அனுமதி தரலாம். கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்று சொல்லும் பதவிக்குத்தான் உங்கள் சபை வழக்கில் பேராயர் என்று பெயர். எனவே மாமியார் சரி என்றால் மட்டும் போதாது, பங்குத்தந்தையும் மேலிடத்தில் கேட்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வாரங்கள் முன்பே சொல்லிவிட்டால் அவருக்கும் தர்மசங்கடம் இல்லை. கடைசி நாளில் கேட்டு, மறுத்தால்தான் குடும்பத்தில் மனவருத்தம் வருகிறது.

அனுமதி கிடைக்காவிட்டால் ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த விதி திருப்பலிக்கு மட்டும் உரியது. கல்லறையில் நடக்கும் மன்றாட்டும் வீட்டில் நடக்கும் செப வழிபாடும் திருப்பலி அல்ல. அங்கே அழைப்பின் பேரில் நீங்கள் தாராளமாக வாசிக்கலாம். அன்று மாலை வீட்டில் குடும்பமாகச் செபிக்கும்போது அந்த வாசகத்தை உங்களிடம் தரும்படி கேளுங்கள். மாமியாரின் ஆசையும் நிறைவேறும்.

இனி, உங்கள் வேதாகமத்தில் இல்லாத அந்தப் புத்தகம். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், உங்களிடம் இருப்பதில் 66. கூடுதலான ஏழும் பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை: தோபித்து, யூதித்து, 1 மக்கபேயர், 2 மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில கூடுதல் பகுதிகள் உண்டு. இவற்றை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இவற்றைத் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கத்தில் 1546இல் உறுதி செய்தது. சீர்திருத்தத் தலைவர்களும் உடனே இவற்றைத் தூக்கி எறிந்துவிடவில்லை. லூத்தரின் 1534ஆம் ஆண்டு ஜெர்மன் வேதாகமத்தில் இவை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப் பகுதியாக அச்சாயின. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவது விதி, நல்லொழுக்கத்துக்காக இவற்றை வாசிக்கலாம், ஆனால் கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்கிறது. பிரிட்டிஷ் அண்டு ஃபாரின் பைபிள் சொசைட்டி இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று 1826இல் முடிவெடுத்தது. அந்தச் சங்கத்தின் உதவியோடு உலகெங்கும் பரவிய வேதாகமங்களில் 66 நூல்களே நிலைத்தன.

சிஎஸ்ஐயின் வேர்களில் ஒன்று ஆங்கிலிக்கன் மரபு. ஆகவே ஞானம் மூன்றாம் அதிகாரத்தை வாசிப்பதால் உங்கள் மரபை மீறியதாகிவிடாது. நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் பத்திரமாக இருக்கின்றன, எந்தத் துன்பமும் அவர்களை இனித் தொடாது என்பதே அந்தப் பகுதியின் செய்தி. இழவு கண்ட வீட்டுக்கு இதைவிட ஆறுதலான வாசகம் அரிது. புராட்டஸ்டண்டினருக்கு உண்மையிலேயே நெருடலாக இருப்பது 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. இறந்தோரின் பாவமன்னிப்புக்காக மன்றாடுவது அதில்தான் வருகிறது. அதுவும் இறந்தோர் திருப்பலிக்கான தெரிவுகளில் ஒன்று. உங்களுக்குத் தரப்பட்டது அது அல்ல.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். இறந்தோர் திருப்பலிக்கு முதல் வாசகங்கள் பல உண்டு: யோபு 19:1, 23-27; எசாயா 25:6-9; புலம்பல் 3:17-26; தானியேல் 12:1-3. எங்கள் பரிந்துரை எசாயா 25. சாவை என்றென்றைக்கும் ஒழித்துவிடுவார், எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீரைத் துடைப்பார் என்ற அந்தப் பகுதி இரு வீட்டாருக்கும் நன்கு தெரிந்தது. உயிர்ப்புக் காலமாக (ஈஸ்டர் காலம்) இருந்தால் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது. திருத்தூதர் பணிகளிலிருந்தோ திருவெளிப்பாட்டிலிருந்தோ வரும். திருப்பலியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்து, பூசைக் கருத்தாக மட்டும் மாமனார் பெயரைச் சொன்னால் இந்தத் தெரிவு எதுவும் பொருந்தாது. அன்று அந்த ஞாயிறுக்குரிய வாசகங்களே வாசிக்கப்படும்.

உங்கள் சபை வழக்கத்துக்கும் அவர்கள் வழக்கத்துக்கும் பெரிய வேறுபாடு வாசகம் முடிவாகும் விதத்தில்தான். கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களுக்கு விவிலியத்தை இன்னும் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1969இல் வாசக வரிசை முழுவதும் புதிதாக அமைக்கப்பட்டது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை; தவக்காலம், உயிர்ப்புக் காலம், மாற்கு ஆண்டின் நடுவில் சில ஞாயிறுகள் என்று பிரிந்து வருவார். பொதுக்கால வாரநாள் முதல் வாசகத்துக்கு ஈராண்டுச் சுற்று. ஞாயிறன்று முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்ற வரிசை உலகெங்கும் ஒன்றே. பங்குத்தந்தை அதிலிருந்து மறையுரை (பிரசங்கம்) ஆற்றுகிறாரே தவிர, தன் மறையுரைக்கு ஏற்ப வாசகத்தைத் தேர்வதில்லை.

சிஎஸ்ஐயில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருள் சபையின் ஆண்டு நாள்காட்டியான அல்மனாக்கில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், சங்கீதம் எல்லாம் அதற்கேற்பத் தேர்ந்தவை. மேலைநாட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகள் பல, கத்தோலிக்க வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1992இல் வெளியான ‘திருத்திய பொது வாசக அட்டவணை’யைப் பின்பற்றுகின்றன. அங்கே பெரும்பாலான ஞாயிறுகளில் இரு சபைகளிலும் ஒரே நற்செய்திதான் ஒலிக்கும். பெந்தெகொஸ்தே சபைகளில் அட்டவணையே கிடையாது. பிரசங்கியார் எடுக்கும் வசனமே அன்றைய வாசிப்பு. ஒரு புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து பிரசங்கிக்கும் மரபும் உண்டு. சீர்திருத்தத் தலைவர் சுவிங்லி 1519 ஜனவரி முதல் நாளில் சூரிச்சில் மத்தேயுவை அப்படித்தான் தொடங்கினார்.

வாசக மேடையில் ஏறும்போது கவனிக்க வேண்டியவை சில. சொந்த வேதாகமத்தைக் கையில் கொண்டு போகாதீர்கள். மேடையில் இருக்கும் வாசக நூலிலிருந்துதான் வாசிக்க வேண்டும். சில பகுதிகளில் வசனங்கள் விடப்பட்டிருக்கும். யோபு 19இல் முதல் வசனத்திலிருந்து 23க்குத் தாவ வேண்டும். தொடக்கத்தில் ‘அந்நாள்களில்’, ‘சகோதரர் சகோதரிகளே’ போன்ற சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பும் வேறு: கத்தோலிக்க வழிபாட்டில் 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, உங்கள் கையில் பழைய திருப்புதல். ‘கர்த்தர்’ என்று பழகிய நாக்கு ‘ஆண்டவர்’ என்ற இடத்தில் தடுமாறும். முந்தின நாளே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வந்து, நான்கைந்து முறை வாய்விட்டு வாசியுங்கள்.

உங்கள் சபையில் அதிகாரமும் வசனமும் அறிவித்து, சபையார் வேதாகமத்தைத் திறக்கும்வரை காத்திருப்பீர்கள். இங்கே அதிகார எண் சொல்லும் வழக்கமில்லை. மக்கள் செவியால் கேட்கிறார்கள். ‘முதல் வாசகம்’ என்ற தலைப்பையும், அதன்கீழ் தனி எழுத்தில் உள்ள கருத்து வரியையும் வாசிக்கக் கூடாது. ‘சாலமோனின் ஞான நூலிலிருந்து வாசகம்’ என்று நேராகத் தொடங்குங்கள். வாசக முன்னுரை இருந்தால் அதை வேறொருவர் வாசிப்பார். முடிந்ததும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி, ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்று சொல்லுங்கள். மக்கள் ‘இறைவனுக்கு நன்றி’ என்று சொல்லும்வரை மேடையைவிட்டு இறங்க வேண்டாம். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்: கடைசி வரியோடு அருள்வாக்கையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுவார்கள், அது வாசகத்தின் வரிபோல ஒலிக்கும், பதில் வராமல் போகும்.

பதிலுரைப் பாடலையும் உங்களிடமே விட்டுவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் சபையில் சங்கீதத்தை வசனத்துக்கு வசனம் மாறி மாறி வாசித்து, இறுதியில் பிதாவுக்கும் குமாரனுக்கும் மகிமை சொல்வீர்கள். இங்கே மக்களுக்குப் பல்லவி மட்டும்தான். நீங்கள் ஒரு பத்தி வாசித்து நிறுத்த, அவர்கள் பல்லவியைச் சொல்வார்கள். இறுதியில் மகிமை சேர்க்க வேண்டியதில்லை. நற்செய்தியை எந்நிலையிலும் நீங்கள் வாசிக்கக் கூடாது. அது திருத்தொண்டருக்கோ குருவுக்கோ உரியது. அப்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

வீட்டில் தேடிப் பார்க்க நூல்களின் பெயர்கள் உதவும். தொடக்கநூல் என்பது உங்கள் ஆதியாகமம், விடுதலைப் பயணம் யாத்திராகமம், இணைச் சட்டம் உபாகமம், நீதித் தலைவர்கள் நியாயாதிபதிகள், சபை உரையாளர் பிரசங்கி, திருத்தூதர் பணிகள் அப்போஸ்தலர் நடபடிகள், திருவெளிப்பாடு வெளிப்படுத்தின விசேஷம். திருப்பாடல்கள்தான் சங்கீதங்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் அவற்றின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ அங்கே 22. காரணம், கிரேக்க, லத்தீன் மரபில் 9, 10 இரண்டும் ஒரே பாடல். இன்றைய திருவிவிலியத்தில் அதுவும் 23தான். அமெரிக்க ஆயர் பேரவையின் ஆங்கில வாசகப் பட்டியலைப் பார்த்தால் வசன எண்களும் விலகும்: பாடலின் தலைப்பை அவர்கள் வசனமாக எண்ணுவதால், தமிழில் 51:1 என்பது அங்கே 51:3. அந்தப் பட்டியலை வைத்துத் தமிழ் வேதாகமத்தில் தேடாதீர்கள். தமிழ் வாசக நூலின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.