போசி எந்த ஆட்டத்தின் ஆள்? (வாசகர் கடிதம்)

ஐயா,

அமெரிக்கக் கறுப்பின வீரர் கம்பர்லேண்ட் போசி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் பள்ளியில் கூடைப்பந்து பயிற்சி கொடுப்பவன். பேஸ்பால், கூடைப்பந்து இரண்டின் ஹால் ஆஃப் ஃபேமிலும் (புகழ் அரங்கம்) இடம்பெற்ற ஒரே ஆள் என்று எழுதியிருந்தீர்கள். தேடினால் பேஸ்பாலில் சொல்லும்படி பேட்டிங் சராசரி இல்லை. கூடைப்பந்திலோ, அந்தக் காலத்தில் ஜெயித்த அணியே இருபத்துச் சொச்சம் புள்ளிதான் எடுத்திருக்கிறது. என் எட்டாம் வகுப்புப் பையன்களே அதைத் தாண்டிவிடுவார்கள். போதாததற்கு, பொய்ப்பெயரில் கல்லூரிக்கு ஆடியிருக்கிறார். உண்மையில் எந்த ஆட்டத்தில் அவர் பெரியவர்?

கே.

அன்புள்ள கே.,

பெயர் விஷயத்தை விடுங்கள். ‘சார்லஸ் கம்பர்ட்’ என்ற பெயரில் டுக்கேன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். பெயரை மாற்றிக்கொண்டு ஆடிய வெள்ளைக்கார வீரர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

சராசரி கிடைக்காததற்கும் காரணம் எளிது. 1890இல் பிறந்தவர், 1911இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற பேஸ்பால் அணிக்கு வந்தார். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி அது. கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய ‘கறுப்பர் லீக்’ புள்ளிவிவரத்தில், இன்று பெரிய லீக் கணக்கில் சேர்க்கப்படுவது 1920இல்தான் தொடங்குகிறது. அவர் ஓடியாடிய வருடங்கள் அதற்கு முன்பே போய்விட்டன. கணக்கு எழுதப்படாததால் ஆட்டமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

எட்டாம் வகுப்பு என்று எழுதினீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பயிற்சியாளரான நீங்களே இப்படி எழுதலாமா? பழைய ஸ்கோரை இன்றைய விதியின் கண்ணால் படிக்கிற இந்தப் பழக்கம் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று கூடை விழுந்தால் பந்து எதிரணிக்குப் போகும். அன்று அப்படி இல்லை. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் எல்லோரும் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி ஜம்ப் பால்: நடுவர் பந்தை மேலே எறிவார், இரண்டு அணியிலும் ஒவ்வொருவர் எம்பித் தட்டுவார். 1937 வரை இதுதான் விதி. நடந்து வரும் நேரமெல்லாம் ஆட்ட நேரத்தில் கழிந்தது. நடுவில் உயரமான ஆள் இருந்தால், கூடை போட்ட அணிக்கே பந்து திரும்பவும் கிடைக்கும். அதனால் ஒரு கூடை என்பது வெறும் இரண்டு புள்ளி அல்ல. முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். பத்து நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது 1932இல் வந்தது. 24 நொடிக் கடிகாரம் வந்தது 1954இல்.

பந்தையும் பாருங்கள். உள்ளே ரப்பர் பை, மேலே தோல், வாயை வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த வார் முடிச்சு தரையில் பட்டால் பந்து கோணலாக எகிறும். டிரிப்பிள் செய்து, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே, போகிறவன் கையை விட்டுப் பந்து போய்விடும். அதனால் பாஸ்தான் உயிர். எறிவது நின்ற இடத்திலிருந்து, இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து. பல ஆட்டங்கள் நடன மண்டபங்களில் நடந்தன, ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் நடனம். அந்த வழுக்கும் தரையில் சட்டென்று திரும்புவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

இந்த நிலைமையில்தான் போசி மான்டிசெல்லோ என்ற கூடைப்பந்து அணியோடு 1912இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தை வென்றார். பிட்ஸ்பர்க்கின் லோயெண்டி கூடைப்பந்து அணி 1920 முதல் 1923 வரை தொடர்ந்து நான்கு முறை கறுப்பர் உலகச் சாம்பியன் எனப் பெயர் வாங்கியது. அதைக் கட்டியவரும் அதில் ஆடியவரும் அவர்தான். ஆறடி கூடக் கிடையாது. இருபது புள்ளி ஆட்டத்தில் ஒருவன் ஐந்தாறு கூடை போட்டால் பாதி ஆட்டம் அவனுடையது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆடுகிறவராக கூடைப்பந்துதான். பேஸ்பால் புகழ் அரங்கம் அவரை 2006இல் ஏற்றது அணியை நடத்தியதற்காக. ஜோஷ் கிப்சன், பக் லெனர்ட் போன்ற பெரிய பேட்டர்களை வைத்துக்கொண்டு கிரேஸ் வென்ற பட்டங்கள் அவர் கட்டிய வீடு. கூடைப்பந்துப் புகழ் அரங்கம் 2016இல்தான் கண்ணைத் திறந்து அவரை ஏற்றது. அவர் இறந்தது 1946இல்.

பையன்களைக் குறைத்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் எனக்கும் பிரியம்தான். அடுத்த பயிற்சியில் ஒன்று செய்யுங்கள். ஐந்துக்கு ஐந்து, இருபது நிமிடமாக இரண்டு பாதி. மூன்று புள்ளிக் கோடு இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் நடுவில் ஜம்ப் பால், கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். ஃபவுல் யார் மேல் நடந்தாலும் ஃப்ரீ த்ரோ ஒவ்வொரு அணியிலும் ஒரே ஆள்தான் எறிய வேண்டும், 1920களின் நடுப்பகுதி வரை அப்படித்தான் இருந்தது. எம்பி எறியும் ஜம்ப் ஷாட் கூடாது. முடிந்ததும் ஸ்கோரை எனக்கு எழுதுங்கள்.