றைபிளும் ஷொட்கனும் சேர்ந்த துவக்குக்கு எந்தக் குறி பொருந்தும்?

கேள்வி: நான் உப்புவெளியைச் சேர்ந்தவன். கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் இருக்கிறேன், இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே என்னிடம் லைசென்ஸுடன் ஒரு பழைய சவேஜ் 24 துவக்கு உண்டு. மேலே .22 றைபிள் குழல், கீழே 20 போர் ஷொட்கன் குழல். முயலுக்கும் கிரவுஸ் பறவைக்கும் பாவிக்கிறேன். வயது ஏற ஏற முன்குறியும் பின்குறியும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதில்லை. கடைக்காரர் 3–9x40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெருக்கும், 40 மில்லிமீற்றர் முன்கண்ணாடியுள்ள தொலைநோக்கிக் குறி) போடச் சொல்கிறார், நண்பர் ரெட் டொட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறி) நல்லது என்கிறார். எதை எடுப்பது? தம்பலகாமத்தில் மாமாவிடம் வயல் காவலுக்கு இருக்கும் ஒற்றைக்குழல் 12 போருக்கும் ஏதாவது பூட்டலாமா?

பதில்: தம்பி, 3–9x40 வேண்டாம். ஷொட்கனுக்கென்றே செய்த, 1–4 அல்லது 2–7 பெருக்கமுள்ள சின்ன ஸ்கோப் ஒன்றை எடுங்கள். அதையும் சுலபமாகக் கழற்றிப் பூட்டக்கூடிய கவ்வியில் போடுங்கள்.

இரண்டு குழலும் இரண்டு விதமான கையைக் கேட்கின்றன. றைபிள் என்றால் நின்று, மூச்சை அடக்கிக் குறி பார்க்கிறோம். ஷொட்கன் என்றால் கண் பறவையில் இருக்கவேண்டும். கன்னம் பிடங்கில் (தோளில் வைக்கும் பின்கட்டையில்) படிந்த உடனே குழல் கண் போன இடத்துக்குப் போகவேண்டும். துவக்குச் செய்பவர்களுக்கு இது பழைய தலையிடி. ஜேர்மனியின் ட்ரில்லிங் எனப்படும் மூன்று குழல் துவக்குகள் பலவற்றில், தெரிவுப் பொத்தானை றைபிள் பக்கம் தள்ளினால் பின்குறித் தகடு தானாக எழும்பி நிற்கும். ஷொட்கனுக்கு மாற்றினால் படுத்துவிடும். என்ன அழகான வேலை! ஸ்கோப்பும் அப்படித்தான், கொக்கிபோல் மாட்டிக் கழற்றும் கவ்வியில் வரும், கழற்றி மறுபடி மாட்டினாலும் குறி பிசகாது. உங்கள் சவேஜ் அவ்வளவு நுட்பமானது இல்லை, எளிமையாக, பாடுபட உழைக்கச் செய்தது. ஆனால் அந்த யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொன்ன ஸ்கோப்பில் என்ன பிழை? பெரிய றைபிள்களுக்கான ஸ்கோப்புகளை வழக்கமாக 100 யார் தூரத்துக்குச் சரிபார்த்துச் செய்வார்கள். நீங்கள் முயலைச் சுடுவது 20, 30 யாரில். அந்தக் கிட்டத் தூரத்தில் கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து சற்று விலகினாலும் குறுக்குக்கம்பி இலக்கின்மேல் நகர்ந்து தெரியும். பரலக்ஸ் என்பது இதைத்தான். 40 மில்லிமீற்றர் கண்ணாடியில், 20 மீற்றரில் இந்தப் பிசகு ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை போகலாம். பறவையின் தலையே அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதோடு பெரிய கண்ணாடி என்றால் ஸ்கோப்பைப் பிடிக்க உயரமான வளையம் வேண்டும். கன்னம் பிடங்கை விட்டு மேலே எழும்பும், கீழ்க்குழல் சுடுவது கெட்டுப்போகும்.

அப்படியென்றால் .22க்கென்று விற்கும் மலிவு ஸ்கோப்பைப் போடலாமா என்று கேட்பீர்கள். 50 யாருக்குச் சரிபார்த்தது என்பதால் தூரம் பொருந்தும். ஆனால் 20 போரின் உதையை அது தாங்காது. உள்ளே குறுக்குக்கம்பி இளகிவிடும், சில சமயம் பின்விளிம்பு புருவத்தையும் பதம்பார்க்கும். ஷொட்கன் ஸ்கோப்புகள் 50 முதல் 75 யாருக்குச் சரிபார்த்தவை, உதைக்கும் தாங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் 9, 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

ரெட் டொட்டை நான் ஒதுக்கவில்லை. இரண்டு கண்ணும் திறந்து பார்க்கலாம், தலை எங்கே இருந்தாலும் பெரிய பிசகு வராது, ஷொட்கனுக்கு அருமை. முன்குறி, பின்குறி என்று இரண்டில் கண் குவியவேண்டிய தொல்லையும் இல்லை. ஆனால் 3 எம்.ஓ.ஏ. (புள்ளியின் பருமனைச் சொல்லும் கோண அளவு) புள்ளி 50 மீற்றரில் நாலரைச் சென்ரிமீற்றர் அளவை மறைத்துவிடும். நீங்கள் பெரும்பாலும் கீழ்க்குழலையே பாவிப்பவர் என்றால் 2 எம்.ஓ.ஏ. புள்ளியாக எடுங்கள், நல்லாயிருக்கும். பற்றரி கடுங்குளிரில் பலமிழக்கும், ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். .22ஐத்தான் அதிகம் சுடுகிறீர்கள் என்றால் நான் சொன்ன ஸ்கோப்புக்கே வாருங்கள்.

இனிப் பூட்டுவது. முதலில் இரண்டு குழலையும் திறந்து, தோட்டா இல்லை என்று விரல் விட்டே பாருங்கள். சில சவேஜ் 24களில் மேற்பகுதியில் .22 கவ்விக்கான பள்ளம் இருக்கும், சிலவற்றில் திருகாணித் துளை இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்காது. பள்ளம்தான் இருக்கிறதென்றால், உதையில் கவ்வி பின்னால் வழுக்காமல் தடுக்கும் முள் உள்ளதை வாங்குங்கள். துளையே இல்லை என்றால் நீங்களாகத் துளைக்கவேண்டாம், துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள். குழலில் துளை போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. திருகாணிகளை எண்ணெய் போக ஸ்பிரிட்டால் துடைத்து, திருகாணி இளகாமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு துளி தொட்டு, ஒரே அளவாக இறுக்குங்கள். வளையத் திருகாணிக்கு 2 நியூட்டன் மீற்றர் அளவு போதும். பலத்தைக் காட்டினால் ஸ்கோப் குழாய் நசியும்.

உங்கள் துவக்கில் குதிரை (பெருவிரலால் பின்னுக்கு இழுக்கும் சுத்தியல்) வெளியே இருக்கிறது, இதை மறக்கவேண்டாம். ஸ்கோப் அதற்கு மேலே வந்துவிட்டால் பெருவிரலுக்கு இடம் போதாது. அல்பேர்ட்டாக் குளிரில் கையுறை போட்ட விரலிலிருந்து, பாதி இழுத்த குதிரை வழுக்கினால் துவக்கு வெடித்துவிடலாம். குதிரையில் பூட்டும் பக்கவாட்டு நீட்டி ஒன்று கிடைக்கும், அதை ஸ்கோப்போடு சேர்த்தே வாங்குங்கள். ஸ்கோப்பை முன்பின் நகர்த்திச் சரிபார்க்கும்போது குளிர்கால ஜக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தடித்த துணி பிடங்கை முன்னே தள்ளுவதால், சேர்ட்டோடு நின்று பார்த்த அளவு காட்டில் பொருந்தாது.

குறிவைத்துச் சரிபார்ப்பது றைபிள் குழலுக்கு மட்டும்தான். 25 மீற்றரில் தொடங்கி 50க்குப் போங்கள். குழலைத் தாங்கியில் வைக்காமல் முன்கைப்பிடி மரத்தை வையுங்கள். மூன்று வெடி வைத்து, ஆறவிட்டு, மறுபடி மூன்று. ஒட்டிய இரண்டு குழலில் ஒன்று சூடாகி நீளும்போது மற்றது குளிராக இருந்தால் வெடி போகுமிடம் மாறும். .22க்கு இது குறைவு, ஆனால் .30-30 போன்ற பெரிய தோட்டாச் சேர்க்கைகளில் நன்றாகவே தெரியும். 50க்குச் சரிசெய்த .22, 100 மீற்றரில் ஏறத்தாழ 15 முதல் 20 சென்ரிமீற்றர் இறங்கும், அந்தத் தூரம் வேண்டாம்.

அப்புறம் ஒரு மீற்றர் அகலக் கடதாசியை 30 மீற்றரில் கட்டி, அதே குறியோடு கீழ்க்குழலைச் சுட்டு, சன்னக் கூட்டத்தின் நடுவைத் தேடுங்கள். பத்துச் சென்ரிமீற்றருக்குள் விலகினால் விட்டுவிடுங்கள், சன்னம் அதைவிட அகலமாகப் பரவும். அதற்கு மேலே என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று பிடங்கின் உட்பக்கம் எழுதி ஒட்டுங்கள். ஸ்கோப்பைத் தொடவேண்டாம், தொட்டால் .22 கெட்டுவிடும். தோட்டா வகையை மாற்றினால் திரும்பவும் சுட்டுப் பாருங்கள். பனிக்காலத்தில் .22யின் வேகம் குறையும், அப்போதும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாமாவின் துவக்கு வேறு கதை. வயலுக்குள் பன்றி வருவது இரவில், தூரமும் கிட்ட. அதற்கு ஸ்கோப்போ, குழலில் துளையோ தேவையில்லை. முன்குறி மணியில் வெள்ளைப் பெயின்ற் ஒரு பொட்டு வைத்தாலே நிலவில் தெரியும். பின்னால் ரோர்ச்சைப் பிடிப்பவரும் சுடுபவரும் ஒரே பக்கம் நிற்கவேண்டும். இங்கே துவக்கு லைசென்ஸ் வருடாவருடம் புதுப்பிக்கிற காரியம், ஆகையால் துவக்கில் எதை மாற்றுவதென்றாலும் முதலில் லைசென்ஸ் புதுப்பிக்கும் அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். கடற்காற்று தம்பலகாமம் வரை வரும், குறிமணியின் அடியில் துரு பிடித்திருந்தால் பெயின்ற் பூசமுன் சுரண்டி எண்ணெய் போட்டு, அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்த பிறகே பூசவேண்டும்.