"எல்லாமே பறக்கத்தான்" என்கிறாள் மகள்: பறவையின் உறுப்புகளை எப்படிச் சொல்லித்தருவது?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். சார்ட்டைக் காட்டினால் அலகு, இறக்கை, வால், நகம் என்று கடகடவென ஒப்பிக்கிறாள். எது எதற்கு என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "பறக்க" என்றே பதில் வருகிறது. வீட்டிலேயே எப்படிப் புரியவைப்பது?

பதில்: சார்ட்டைக் கொஞ்ச நாள் சுருட்டி வையுங்கள். படத்தில் இருக்கும் பறவை எந்த வேலையும் செய்வதில்லை. அதனால் பெயர் மட்டும்தான் மனதில் நிற்கிறது. காகத்துக்குச் சோறு வைக்கும்போது மகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள். பருக்கையோடு ஒரு துண்டுத் தோசையும் வையுங்கள். பருக்கையை அலகால் கொத்தும். தோசையையோ பெரும்பாலும் காலால் மிதித்துக்கொண்டு அலகால் பிய்க்கும். "காலு என்ன பண்ணுச்சு?" என்று அப்போதே கேளுங்கள். வாரத்துக்கு ஓர் உறுப்பு போதும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். உடலோடு ஒட்டி அசைவது இறக்கை. உதிர்ந்து கீழே கிடப்பது இறகு. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், குளிரைத் தாங்க உதவுவது எது, பறக்க உதவுவது எது என்று பிள்ளைக்குப் பிடிபடாது.

இறகுக்கு வளர்ப்புக் கோழியின் இறக்கையிலிருந்து உதிர்ந்தது நல்லது. செத்துக் கிடக்கும் காகம், புறாவிலிருந்து எடுக்கவே வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். நடுத்தண்டின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அகலமான பக்கத்தை விரலால் பிரித்தால் ஓர் இடைவெளி விழும். அடியிலிருந்து நுனியை நோக்கி நீவிவிட்டால் ஜிப் போட்டதுபோல மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் ஒன்றையொன்று பற்றுவதால்தான் அப்படி. பறவை அலகால் கோதுவதும் இதே வேலைக்குத்தான். நுனியிலிருந்து அடிக்கு நீவினால் இன்னும் கலையும், ஈரமாக இருந்தாலும் சரியாக ஒட்டாது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், முத்தாக நின்று உருளும். ஊறிவிட்டால் சோப்பு மிச்சமிருக்கிறது என்று பொருள். பிறகு பஞ்சு போன்ற சிறு தூவியை உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் கதகதப்புத் தெரியும். "எல்லாமே பறக்க" என்ற பதில் இந்த இடத்தில்தான் முதலில் ஆட்டம் காணும். கை கழுவிவிடுங்கள்.

அலகுக்கு மூன்று பாத்திரங்கள் போதும். ரவையில் புதைத்த 10 நூல் துண்டுகள், தண்ணீரில் மிதக்கும் கறிவேப்பிலைத் துணுக்குகள், குறுகிய வாயுள்ள பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர். கருவிகளாக இடுக்கி, டீ வடிகட்டி, இங்க் ஃபில்லர். பலரும் சரியான கருவியை முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் விளையாட்டே வீண். ஒவ்வொரு கருவியாலும் மூன்று பாத்திரத்திலும் 20 நொடி முயலட்டும். வடிகட்டி பாட்டிலுக்குள் நுழையாமல் தவிக்கும்போதுதான், வாத்தின் தட்டை அலகு தேன்சிட்டுக்கு ஏன் உதவாது என்பது விளங்கும்.

கால்தான் பெரியவர்களே அதிகம் தவறாகச் சொல்லும் பகுதி. பறவைக்கு முழங்கால் பின்பக்கம் மடங்கும் என்பார்கள். அப்படி மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். மகளைக் குதிகாலைத் தூக்கி, முன்விரல்களில் நடக்கச் சொல்லுங்கள். கோழி எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அதன் உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அசைவம் சமைக்கும் வீடென்றால் லெக் பீஸையே காட்டலாம்: தடித்த முனை முழங்கால், மெலிந்த முனை கணுக்கால்.

விரல்கள் கிளையைப் பற்றுவது எப்படி? இழுக்கும் தசை மேலே காலில் இருக்கிறது, கீழே விரல்வரை கயிறுபோல நாண்கள் ஓடுகின்றன. மகளின் கையைத் தளரவிட்டு, மணிக்கட்டை மெதுவாகப் பின்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும். முன்பக்கம் தொங்கவிட்டால் விரியும். மூட்டு மடங்கும்போது நாண் இறுகுவதைத் தன் கையிலேயே அவள் பார்த்துவிடுவாள். தூங்கும் பறவை விழாமலிருக்க இது ஒன்றே காரணம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆய்வாளர்களிடையே அது இன்னும் முடியாத விவாதம். கோழிக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. கிளிக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. வாத்துக்கு விரலிடைச் சவ்வு. இவற்றை மாவில் விரல் தடமாகப் பதித்துக் காட்டினால் போதும்.

இதற்காகக் கிளி வாங்கிக் கூண்டில் அடைக்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை, வளர்ப்பது குற்றம். கூண்டுக்குள் இருக்கும் பறவை இறக்கையின் வேலையைக் காட்டவும் போவதில்லை.

புரிந்ததா என்று பார்க்கப் பெயர் கேட்க வேண்டாம். அவள் பார்த்தே இராத ஒரு பறவையின் படத்தைக் காட்டி, "இது எங்கே இரை தேடும்?" என்று கேளுங்கள். வேடந்தாங்கலுக்கு வரும் கரண்டிவாயன் இதற்குப் பொருத்தம். நீண்ட கால், அகப்பை போன்ற அலகு. "தண்ணியில நின்னு துழாவும்" என்று அவளே சொன்னால், அது செய்வதும் சரியாக அதைத்தான்.