ஜெர்சி எண்ணைப் பூட்டி வைக்க வேண்டுமா?

கேள்வி: தேசிய சேவையில் இருக்கும் என் மகன், வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் ஞாயிறு காலை அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து பார்க்க உட்கார்ந்துவிடுகிறான். பெரிய குவாட்டர்பேக் ஒருவர் போனதும் அவருடைய எண்ணை இனி யாருக்கும் தரமாட்டார்களாமே, ஏன்?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடும் அந்த ஆட்டத்தில் தாக்குதல் முழுக்க குவாட்டர்பேக் கையில்தான். பந்தை வாங்குவார், யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று ஓரிரு நொடியில் முடிவெடுப்பார். ஜெயித்தால் ஊரே அவரைக் கொண்டாடும். ஆனால் கல்லூரியில் அவர் இருப்பது நான்கைந்து வருடம்தான், அப்புறம் ஊரில் தங்குவது அந்த எண். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக் ஆர்ச்சி மேனிங் அணிந்த 18-ஐ யாருக்கும் தருவதில்லை, அது போதாதென்று வளாகத்துக்குள் வண்டி ஓட்டும் வேக வரம்பையே மணிக்கு 18 மைலாக வைத்திருக்கிறார்கள்! அவர் மகன் பெய்ட்டனின் 16-க்கு டென்னசி பல்கலைக்கழகம் 2005-ல் ஓய்வு கொடுத்தது. பேரன் ஆர்ச் டெக்சஸில் அணிவதும் சித்தப்பாவின் அதே 16. டெக்சஸ் வேறு கல்லூரி என்பதால் தடையில்லை.

மரியாதை புரிகிறது, ஆனால் எண்ணைப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபுளோரிடாவில் ஸ்டீவ் ஸ்பரியர் 11-ஆம் எண்ணோடு ஆடி 1966-ல் ஹைஸ்மன் விருது வாங்கினார், அது அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருவது. கல்லூரி அவர் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. பிறகு அவரே அங்கு தலைமைப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? தன் 11-ஐ மறுபடியும் புழக்கத்தில் விட்டார். பல வருடம் கழித்து கைல் டிராஸ்க் என்ற குவாட்டர்பேக் அதே 11-ஐப் போட்டுக்கொண்டு 2020-ல் 43 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம். அவர் ஆடிய ஒவ்வொரு வாரமும் பழைய ரசிகர்கள் ஸ்பரியரைப் பற்றிப் பேச ஒரு காரணம் கிடைத்தது. பூட்டி வைத்த எண்ணால் அது நடக்குமா?

உங்கள் மகனிடம் எல்எஸ்யூவின் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 18 பற்றியும் கேளுங்கள். மேட் மாக் என்ற குவாட்டர்பேக் அந்த எண்ணோடு 2003 பருவத்தில் லூசியானாவுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். அடுத்து அது ஜேக்கப் ஹெஸ்டர் கைக்குப் போனது. அவர் குவாட்டர்பேக் இல்லை, பந்தோடு ஓடுபவர், 2007 பருவத்தில் மறுபடியும் பட்டம். அன்றிலிருந்து களத்திலும் வெளியிலும் மற்றவர்களுக்கு முன்னுதாரணமாக இருப்பவருக்குத்தான் 18. பெனி லோகன் மாதிரி தடுப்பாட்டக்காரர்கள்கூட அதை அணிந்திருக்கிறார்கள்.

கேள்வி: 98-ஆம் எண்ணில் குவாட்டர்பேக் ஆடியதுண்டா? நண்பன் பந்தயம் கட்டுகிறான்.
- யீஷூன் மாணவர்

பதில்: உண்டு. மிச்சிகனின் டெவின் கார்ட்னர், 2013. அது 1940-ல் ஹைஸ்மன் வாங்கிய டாம் ஹார்மனின் எண். பழைய எண்களைச் சிறப்புச் சின்னத்தோடு திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு சில ஆண்டுகள் அங்கே இருந்தது, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். நண்பர் எந்தப் பக்கம் கட்டினார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

கேள்வி: எங்கள் சமூக மன்றக் காற்பந்துக் குழுவில் 10-ஆம் எண்ணுக்காகப் பிள்ளைகள் மட்டுமில்லை, பெற்றோரும் சண்டை போடுகிறார்கள். அந்த எண்ணையே எடுத்துவிடலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வேண்டாம் சார், எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த வருடம் 7-க்குச் சண்டை வரும். எல்எஸ்யூ வழியைக் கொஞ்சம் மாற்றி உங்கள் குழுவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வருடம் 10 போட்டிருக்கும் பையன் குழுவை விட்டுப் போகும்போது, அடுத்தது யாருக்கு என்று பிள்ளைகளே சீட்டில் எழுதிப் போடட்டும். யார் அதிக கோல் போட்டது என்று கேட்காதீர்கள், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு யார் உங்களோடு நின்று பந்துகளைப் பொறுக்கி வைத்தது என்று கேளுங்கள், பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். அப்புறம் ஜெர்சியை நீங்கள் கொடுக்க வேண்டாம், போகிற பையனே எல்லோர் முன்னாலும் கொடுக்கட்டும். பெற்றோருக்கு ஓட்டு கிடையாது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.