ஸ்பிளிட்டில் தங்கி ஒரே நாள் அருவி: பிளிட்விட்சேயா, கிர்காவா?

கேள்வி: செப்டம்பர் இரண்டாவது வாரம் குரோவேஷியா போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார் (வயது 66, முழங்கால் வலி உண்டு). ஸாக்ரெப்பில் இறங்கி இரண்டு இரவு, அப்புறம் ஸ்பிளிட்டில் நான்கு இரவு. ஊர் திரும்புவதும் ஸ்பிளிட்டிலிருந்துதான். கார் வாடகைக்கு எடுக்கிறோம். அருவிக்கென்று ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். டிராவல்ஸ்காரர் ஸ்பிளிட்டிலிருந்து பிளிட்விட்சே போய்வரத் திட்டம் போட்டிருக்கிறார். ஏற்கெனவே போய்வந்த தோழி, கிர்காவே போதும் என்கிறாள். மகனோ அருவியில் குளிக்கவேண்டும் என்று இப்போதே குதிக்கிறான். எதற்குப் போவது?

பதில்: மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு இடத்திலும் முக்கிய அருவியில் குளிக்க முடியாது. பிளிட்விட்சேயில் ஏரிகளில் இறங்கவே கூடாது. கிர்காவில் ஸ்க்ராடின்ஸ்கி புக் என்ற பெரிய அருவியின் அடியில் முன்பு நீந்த விட்டார்கள். 2021 ஜனவரி முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் அருவிக்கு முன்னால் மிதக்கும் படங்கள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் பழசு. பழைய தகவலைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: நுழைவுக் கட்டணத்தை குனாவில் (அங்கே முன்பிருந்த நாணயம்) போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான். அதே நாளில் ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்துவிட்டார்கள் என்பதால் விசாவும் ஷெங்கன் விசாதான்.

அருவி என்றாலே தலையைக் கொடுத்து நிற்பது என்று குற்றாலத்தில் பழகிய நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் தடைக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பாறையிருந்து அதன்மேல் தண்ணீர் விழுகிறது என்று சொல்ல முடியாது. தண்ணீரே அந்தப் பாறையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படியுமே, ஏறக்குறைய அதே சங்கதி. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவரும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. நீர் சிதறி விழும் இடத்தில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு பாசியிலும் வேரிலும் நுண்ணுயிர்களிலும் ஒட்டிக் கெட்டியாகிறது. டூஃபா என்று பெயர். பிளிட்விட்சேயில் நடைபலகையிலிருந்து குனிந்து பாருங்கள்: தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் கிளை, சுண்ணாம்புத் தொட்டியில் முக்கியெடுத்தது போல வெளுத்திருக்கும். அருவி விளிம்பிலோ பாசியின் நுனி பச்சையாக இருக்க, அடி கல்லாகியிருக்கும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் இந்தச் சுவர்மேல் நாலு பேர் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று மகனிடம் கேளுங்கள், அவனே சொல்லிவிடுவான்.

சரி, எது என்ற கேள்விக்கு வருவோம். பெரும்பாலோர் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் இரண்டே இரண்டு கேட்பேன்: முந்தைய இரவு எங்கே தூங்குகிறீர்கள், கூட வருபவரின் கால் எத்தனை மணி நேரம் தாங்கும்.

ஸ்பிளிட்டிலிருந்து பிளிட்விட்சே சுமார் 250 கிலோமீட்டர். போக இரண்டரை முதல் மூன்று மணி நேரம், வரவும் அவ்வளவே. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்ச் சேரலாம். ஸாக்ரெப்பிலிருந்தும் ஸாடரிலிருந்தும் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிறைவதற்குச் சற்று முன்பாக. நாலைந்து மணி நேரம் நடந்துவிட்டு மறுபடி மூன்று மணி நேரம் வண்டி. முடியாதது இல்லை, செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவரை ஆறு மணி நேரம் காரில் மடக்கி உட்காரவைத்து, நடுவில் பலகைப் பாதையில் ஏற்றி இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் டிராவல்ஸ்காரர் பேரைப் பார்த்தாரே தவிர வரைபடத்தைப் பார்க்கவில்லை. கிர்கா அப்படியில்லை. ஸ்பிளிட்டிலிருந்து 85 கிலோமீட்டர் அளவு, ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

தூரம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டும் ஒரே சாதி இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பிளிட்விட்சே அடிப்படையில் ஏரிகளின் இடம். பதினாறு ஏரிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழிந்து இறங்குகிறது. மேலே பன்னிரண்டு, கீழே பள்ளத்தாக்குக்குள் நாலு. கடைசியில் எல்லாம் சேர்ந்து கொரானா நதியாகிறது. 1949-இல் தேசியப் பூங்கா, 1979-இல் யுனெஸ்கோ பட்டியல். 1991 ஈஸ்டர் நாளில் குரோவேஷியப் போரின் முதல் மோதல்களில் ஒன்று நடந்ததும் இங்கேதான். அதன்பின் சில ஆண்டுகள் 'ஆபத்தில் உள்ள' பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ வைத்திருந்தது. 1997-இல் அந்த அடைமொழி நீங்கியது. இன்று நடக்கும்போது அதன் சுவடு எதுவும் கண்ணில் படாது.

அங்கே கண்ணில் நிற்பது நிறம். ஒரே ஏரி காலையில் பச்சை, வெயில் ஏறினால் நீலம். அருவி என்று பார்த்தால் வேலிகி ஸ்லாப், 78 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: அதில் விழுவது ஏரிகளின் நீர் இல்லை, பிளிட்விட்சா என்ற தனி ஓடை. மழையில்லாத கோடைக்குப் பிறகு செப்டம்பரில் அது மெலிந்து பல நூல்களாகத் தொங்கும். படத்தில் பார்த்த வெள்ளைச் சுவர் ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி வரும்போது எடுத்தது. ஏரிகளின் நிறம் மட்டும் எந்த மாதமும் ஏமாற்றாது.

கிர்காவில் முழு ஆறே விழுகிறது. ஸ்க்ராடின்ஸ்கி புக் உயரத்தில் பெரிதில்லை, மொத்தம் 45 மீட்டர் சொச்சம்தான். அதை 800 மீட்டர் நீளத்தில் பதினேழு படிகளாக இறங்குகிறது. அகலமும் இரைச்சலும்தான் அதன் அழகு, செப்டம்பரிலும் அதற்குக் குறைவிருக்காது. பூங்காவாக அறிவித்தது 1985-இல். அருவியோரம் பழைய தண்ணீர் ஆலைகள் உண்டு. அடிவாரத்தில் இன்னொரு பழசும் இருக்கிறது: 1895 ஆகஸ்ட் 28 அன்று இந்த அருவி நீரில் ஓடத் தொடங்கிய மின்நிலையம். ஷிபெனிக் நகரத் தெருவிளக்குகள் அதில் எரிந்தன. அமெரிக்காவில் நயாகரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது அதற்கு இரண்டே நாள் முன்னால்! அப்போதைய நகரத் தலைவர் அந்தே ஷுபுக் எடுத்த முயற்சி அது. உங்கள் கணவருக்கு இதில் ஆர்வம் இருந்தால் மாமியாருக்கு உட்கார்ந்து கொள்ள நேரம் கிடைக்கும்.

அழகில் எது மேல் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் பிளிட்விட்சே என்பேன். ஸ்பிளிட்டில் தூங்கி எழுந்து போவதற்கு எது என்று கேட்டால், அதே வேகத்தில் கிர்கா என்பேன்.

ஆனால் உங்கள் பயணத்தில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. ஸாக்ரெப்பிலிருந்து ஸ்பிளிட்டுக்கு எப்படியும் காரில் இறங்கி வரத்தானே போகிறீர்கள்? பிளிட்விட்சே அந்த வழியிலிருந்து அதிகம் விலகியில்லை. ஸாக்ரெப்பிலிருந்து 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஸாக்ரெப்பின் இரண்டு இரவில் ஒன்றைக் கழித்து, பூங்காவை ஒட்டிய சிற்றூர் ஏதாவதில் வீடு எடுத்துத் தங்குங்கள். ஒரு மதியம் ஸாக்ரெப்பிலிருந்து நிதானமாகக் கிளம்பலாம். வழியில் ஸ்லூன் ஊரில் ராஸ்தோகே என்று ஓர் இடம், வீடுகளுக்கும் பழைய ஆலைகளுக்கும் இடையே புகுந்து ஓடை கொரானாவில் விழுகிறது. அரை மணி நின்று பார்க்கலாம், மாமியாருக்குக் கஷ்டம் இல்லாத இடம். மறுநாள் காலை முதல் நேரத்துக்கே பூங்காவுக்குள் போய்விடலாம். மதியம் கிளம்பினால் மாலை ஸ்பிளிட். அருவிக்கென ஒதுக்கிய அந்த நாள் அப்படியே கையில் மிஞ்சும்.

இந்த வழியில் போனால் பிளிட்விட்சேயில் முதல் நுழைவாயிலையே எடுங்கள். வாயிலைத் தாண்டிய சில நிமிடத்திலேயே வேலிகி ஸ்லாப் எதிரே மேலிருந்து பார்க்கும் இடம் வந்துவிடும். மாமியார் வேறெங்கும் நடக்காவிட்டாலும் முக்கியமான காட்சியைப் பார்த்துவிடுவார். அதற்குமேல் பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. நீங்கள் மூவரும் பி என்ற தடத்தில் போகலாம். நாலு கிலோமீட்டர், மூன்று நாலு மணி நேரம்: கீழ் ஏரிகளை நடந்து பார்த்து, கோஸ்யாக் ஏரியை மின்படகில் கடந்து, திரும்பும்போது பூங்காவின் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். படகு, வண்டி இரண்டும் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். எட்டு ஒன்பது கிலோமீட்டர் போகும் சி, எச் தடங்கள் மேல் ஏரிகளையும் காட்டும். நான் தனியாகப் போனால் அதைத்தான் எடுப்பேன், உங்களுக்கு வேண்டாம். பலகைப் பாதையில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, பக்கத்திலேயே தண்ணீர், எதிரே வருபவருக்கு ஒதுங்கவேண்டும், ஈரமானால் வழுக்கும். மகன் கையை விடாதீர்கள், அவன் மீன் பார்க்கக் குனிவான்.

சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். அன்றன்றைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு பூங்காவிலும் பெரியவருக்குச் சுமார் 40 யூரோ, அக்டோபர் பிறந்ததும் நன்றாக இறங்கும். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் பிளிட்விட்சேயின் பீச் மரங்கள் பழுத்து நிற்பதற்காகவே அலைகிறவர்கள் உண்டு. மகனுக்குப் பள்ளி இருக்கும், தெரிகிறது.

ஹோட்டலை மாற்ற முடியாது, பணம் கட்டியாகிவிட்டது என்றால் மனதைக் குழப்பிக்கொள்ளாமல் கிர்கா போங்கள். அதிலும் எந்த வாயில் என்பது முக்கியம். லோஸோவட்ஸ் வழியாகப் போனால் நிறுத்துமிடத்தில் காரை விட்டுப் பூங்காப் பேருந்தில் அருவியின் மேல்பக்கம் இறங்குவீர்கள். படிகளில் இறங்கி, பார்த்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். ஸ்க்ராடின் ஊர் வழியாகப் போனால் படகு. இருபது இருபத்தைந்து நிமிடம் ஆற்றில் போய் அருவியின் அடிவாரப் பக்கம் இறக்கிவிடும். அங்கிருந்து சமதரையில் கொஞ்சம் நடந்தால் பாலத்தருகே எல்லாரும் படம் எடுக்கும் காட்சி. மாமியார் மர நிழலில் உட்காரட்டும், நீங்கள் மேலே பலகைச் சுற்றை ஒரு மணி நேரத்தில் முடித்துவரலாம். ஆகவே ஸ்க்ராடின்தான். கோடைப் பருவத்தில் படகுக்குத் தனிக் காசு இல்லை. விசோவாட்ஸ் தீவின் மடாலயத்துக்குப் போகும் படகு மட்டும் தனிக் கட்டணம். அரை நாள் கையில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் திரும்பும் வழியில் ஷிபெனிக்கில் இறங்கி, முழுக்கக் கல்லாலேயே எழுப்பிய புனித யாக்கோபு பேராலயத்தைப் பார்ப்பது மேல்.

காருக்கு ஒரு வார்த்தை. நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸாக்ரெப்பில் எடுத்து ஸ்பிளிட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். உடுப்பு விஷயத்திலும் ஏமாறாதீர்கள். பிளிட்விட்சே ஐந்நூறு அறுநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பர் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். அங்கிருந்து ஸ்பிளிட் வரும்போது வெலேபித் மலைக்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் ஒரு சுரங்கப்பாதை. மேகமும் குளிருமாக உள்ளே நுழைந்து, வெளியே வரும்போது கண் கூசும் கடலோர வெயில். முதல்முறை வருகிறவர்கள் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மகனிடம் குளியலுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், அது ஸ்பிளிட்டிலேயே நிறைவேறும். ஊருக்குள்ளேயே பாச்விட்சே என்ற மணல் கடற்கரை. வெகுதூரம் போனாலும் தண்ணீர் முழங்காலளவுதான். கணுக்கால் நீரில் நின்றுகொண்டு சின்னப் பந்தைத் தண்ணீரில் விழாமல் தட்டித் தட்டி ஆடுவார்கள், பிசிகின் என்று பெயர், அந்தக் கடற்கரையில் பிறந்த ஆட்டம். அவன் நீச்சல் உடுப்பை அருவிக்குப் போகும் பையில் வைக்காமல், கடற்கரைக்குப் போகும் பையில் வையுங்கள்.