அம்மாவைப் பார்க்க வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 74. விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வருகிறது. போன மாதம் ராத்திரி கொல்லைப்பக்கம் போகும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. என்னோடு வரச் சொன்னால் மறுக்கிறார். அண்ணன் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறான். கையில் பணமில்லை என்கிறான். "நாலு பெத்திருந்தா ஒண்ணாவது கூட இருந்திருக்கும்" என்று பெரியம்மா என் காதுபடவே பேசுகிறார். பார்த்துக்கொள்பவர்களுக்கு வீட்டை எழுதித் தருகிறேன் என்று அம்மா சொல்லப்போக, சித்தப்பா மகன் பத்திரம் எழுத அவசரப்படுகிறான். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. வேலையை விடாதீர்கள். இதை அம்மா மேல் உள்ள அக்கறையோடுதான் சொல்கிறேன்.

உங்களுக்கு பிஎஃப் பிடித்தம் எட்டு வருடமாக இருக்கும். பத்து வருடம் நிறைந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷனுக்கு உரிமை வரும். இப்போது நின்று, கணக்கில் இருப்பதையும் மொத்தமாக எடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இன்று அம்மா 1,200 ரூபாயை நம்பி இருப்பதுபோல், இன்னும் முப்பது வருடத்தில் நீங்களும் இருக்க வேண்டிவரும். கம்பெனியில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்தால், உங்களைச் சார்ந்திருக்கும் தாயையும் அதில் சேர்க்கலாம். அவர் வேறு ஊரில் இருந்தாலும் அங்கே பக்கத்தில் உள்ள இஎஸ்ஐ மருந்தகத்தைக் காட்டலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. நாளைக்கே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

பெரியம்மாவின் பேச்சுக்கு வருகிறேன், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. உங்கள் அம்மா இரண்டோடு நிறுத்தியதில் எந்தத் தவறும் இல்லை. தமிழ்நாடே அந்த முடிவை எடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். பெண்கள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், அதனால் குடும்பம் சிறிதானது. நீங்கள் படித்து, வெளியூரில் சொந்தக் காலில் நிற்பதற்கும் அம்மாவின் அந்த முடிவு ஒரு காரணம். உங்கள் ஊரிலேயே பாருங்கள். நாலைந்து பெற்றவர்களின் வீடுகளிலும் திண்ணையில் தனியாகத்தான் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருப்பார்கள்.

மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பில், 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-இல் இது 18.2 சதவீதமாகும். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிரான்சில் 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7-லிருந்து 14 சதவீதமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நமக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வரும் அப்போதைய நம் முதல்வரும் அடுத்தடுத்து அதிகக் குழந்தைகள் பெறுவதைப் பற்றிப் பேசினார்கள். மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் நம் எம்.பி. இடங்கள் குறைந்துவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை சம்பாதிக்க இருபத்தைந்து வருடம் ஆகும். உங்கள் அம்மாவுக்கு நாளைக் காலையில் கை கொடுக்க ஆள் வேண்டும்.

ஜப்பானிலும் ஒரு காலத்தில் மருமகள்தான் மாமியாரைக் குளிப்பாட்டினாள். 2000-இல் அந்த நாடு நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். முடியாமல் போனவர் வீட்டுக்குப் பணியாளர் வந்து குளிக்க வைக்கிறார், பகல்நேர மையத்துக்கு வண்டி வருகிறது. நம் நாட்டில் மத்திய அரசு முதியோர் பென்ஷனுக்குத் தரும் பங்கு 80 வயது வரை மாதம் 200 ரூபாய். 2007-க்குப் பிறகு அது உயரவே இல்லை. மீதி ஆயிரத்தை மாநிலம் போடுகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பராமரிப்பு என்ற வேலை முழுவதையும் மகள், மருமகள் தலையில் சம்பளமில்லாமல் கட்டிவிட்டு, அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உடனே செய்ய வேண்டியவை. முதல் செலவு கழிப்பறைக்கு. ராத்திரி எழுந்து போகும்போது வயதானவர்கள் பலர் விழுந்துவிடுகிறார்கள். கொல்லைக்கடைசிக்கு நடக்காமல் பின்வாசலை ஒட்டியே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் இரண்டு கைப்பிடி, சொரசொரப்பான தரை, கட்டிலிலிருந்து அதுவரை விடிய விடிய எரியும் ஒரு சின்ன பல்பு. பாசி பிடித்த துவைக்கல்லை அப்புறப்படுத்துங்கள். அண்ணனிடம் மாதாமாதம் கேட்பதற்குப் பதில் இந்த ஒரு செலவை ஏற்கச் சொல்லுங்கள். தொகை இவ்வளவு என்று கையில் கணக்கு இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மாத்திரைக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. ஊர் துணை சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைச் சொன்னால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே தருவார்கள். கட்டுப் பிரித்தபின் கைக்கு பிசியோதெரபியும் கேட்கலாம். முதியவர்களுக்கு ரேஷனை வாசலில் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. ரேஷன் கடையில் விசாரியுங்கள். காலையும் இரவும் எட்டிப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண் ஒருவருக்குச் சம்பளம் பேசிக் கொடுங்கள். சும்மா உதவி என்று விடாதீர்கள், சம்பளமாகவே கொடுங்கள்.

வீட்டுப் பத்திரத்தில் கவனம். இப்போது எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே வீட்டை மாற்றிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் கட்டாயம் என்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் எழுத்தாகவே இருக்கட்டும். அப்படி இருந்தால், 2007-ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு. அதே சட்டத்தில் மகனும் மகளும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது மகள் மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. அண்ணனிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். யாராவது மிரட்டினால் அம்மா 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இன்னொன்று. 2025-26 மாநில பட்ஜெட்டில் முதியோர் பகலில் தங்க 25 அன்புச்சோலை மையங்கள் அறிவித்தார்கள். பெரும்பாலும் மாநகராட்சிகளில். தனியாக இருக்கும் முதியவர்கள் அதிகம் உள்ள உங்கள் பகுதி போன்ற வானம் பார்த்த கிராமங்களுக்கு அது வரவில்லை. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியில் பூட்டிக்கிடக்கும் ஒரு வகுப்பறை போதும். மதியச் சாப்பாடு, பிரஷர் பார்க்க வாரம் ஒரு நர்ஸ், கவனிக்க ஊர்ப்பெண் இரண்டு பேர், அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம். அடுத்து ஊருக்குப் போவதைக் கிராமசபை நடக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் அம்மாவோடு, தனியாக இருக்கும் மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகலை வாங்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறுங்கள்.